வந்துபோன காய்ச்சல் மறுபடி வருமா?

மதுரைப் பக்கம் பங்குனி வெயில் ஏறும்போது அம்மைப் பேச்சும் கூடவே எழும். வாசல் நிலையில் வேப்பங்கொத்து செருகிய வீட்டுக்குள் யாரும் சட்டென்று நுழைவதில்லை. உள்ளே படுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும்போது வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "உனக்கு முன்னாடியே அம்மை போட்டிருச்சா?" என்பதுதான். போட்டிருந்தால் பயமில்லாமல் பக்கத்தில் உட்காரலாம், வேப்பிலையால் தடவிக் கொடுக்கலாம், மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை கூடவே இருக்கலாம். சின்னம்மை ஒருமுறை போட்டவருக்கு மறுபடி போடுவது அபூர்வம் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்தே நம் மக்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

அதே வீட்டில் ஐப்பசி அடைமழையோடு சளி வருடம் தவறாமல் வருகிறது. டெங்குவில் பிழைத்தவருக்குச் சில வருடம் கழித்து மறுபடியும் டெங்கு வருகிறது. கொரோனா சிலருக்கு மூன்று முறைகூட வந்துவிட்டது. எல்லாமே வைரஸ் நோய்கள். எதிர்த்து நின்றதும் ஒரே உடம்புதான். அப்புறம் ஏன் ஒரு நோய்க்கு ஆயுள் முழுக்கக் காப்பு, இன்னொன்றுக்கு ஒரு வருடம்கூட இல்லை?

இந்தப் புதிர் தமிழ்நாட்டில் ஒருமுறை எண்களாகவே முன்னால் வந்து நின்றது. மாநிலத்தின் முதல் கொரோனா மரணம் மதுரையில், அரசு ராசாசி மருத்துவமனையில், 2020 மார்ச் 25 அன்று நேர்ந்தது. முதல் அலை தணிந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் பொது சுகாதாரத் துறை மாநிலம் முழுக்கச் சுமார் 26 ஆயிரம் பேரிடம் ரத்தம் எடுத்துச் சோதித்தது. ஒரு வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் புரதத்துக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். அது ரத்தத்தில் இருந்தால் அவருக்குத் தொற்று வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம், காய்ச்சலே தெரியாமல் போயிருந்தாலும் சரி. 100 பேரில் ஏறத்தாழ 31 பேருக்கு அது இருந்தது. 2021 ஏப்ரலில் இரண்டாம் முறை ஆய்வு நடந்தது. இந்த முறை 100 பேரில் சுமார் 23 பேரிடம் மட்டுமே எதிர்ப்பொருள் தெரிந்தது.

எண் ஏறலாம், அப்படியே நிற்கலாம். இறங்குவது எப்படி? ஒருமுறை தொற்று வந்தவர் ஆறு மாதத்தில் தொற்றே வராதவராக மாற முடியாதே! ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு சோதனைக் கருவிக்குத் தட்டுப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்பதுதான் இதற்குப் பொருந்தும் விளக்கம். இயற்கையாகக் கிடைத்த காப்பு அரை வருடத்தில் கரைந்துவிட்டது என்று அப்போது பலரும் முடிவுகட்டினார்கள். அந்த முடிவில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி புரிய, காய்ச்சலின்போது உடம்பில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் பி செல் என்று ஒரு வகை உண்டு. கோடிக்கணக்கான பி செல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடியவை. புதிய வைரஸ் நுழையும்போது அதன் வடிவத்துக்குப் பொருந்துகிற சில செல்கள் மட்டும் தூண்டப்பட்டு, பிளந்து, பெருகுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்பொருளைச் சுரந்து தள்ளுகின்றன. வைரஸ் ஒழிந்ததும் இந்தச் செல்களில் மிகப் பல சில வாரங்களில் மடிந்துவிடும். வந்துபோன ஒவ்வொரு நோய்க்கும் அத்தனையையும் வைத்துக் காப்பாற்ற உடம்பால் முடியாது. ஆகவே நோய் தீர்ந்தபின் எதிர்ப்பொருள் குறைவது இயல்பு.

ஆனால் எல்லாச் செல்களும் மடிவதில்லை. மேலூர், சோழவந்தான் பக்கத்து வயல்காரர்கள் அறுவடை முடிந்ததும் செய்வதை நினைத்துப் பாருங்கள். களத்தில் குவிந்த நெல்லில் பெரும்பங்கு வீட்டுச் சாப்பாட்டுக்கும் வியாபாரிக்கும் போய்விடும். திரண்ட மணியாகப் பார்த்து ஒரு பங்கை மட்டும் நன்றாகக் காயவைத்து, பூச்சி அண்டாமல் நொச்சி இலை போட்டு, விதைக்கென்று கட்டி வைப்பார்கள். சித்திரையில் களத்தை எட்டிப் பார்க்கிறவர் கண்ணில் ஒரு மணிகூடப் படாது. அதை வைத்து அந்த வீட்டில் நெல்லே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளப்பது களத்தை எட்டிப் பார்ப்பதுதான். விதைநெல் வேறு இடத்தில் இருக்கிறது. நினைவு செல்கள் எனப்படும் அவை நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் பல வருடம் அமைதியாகக் காத்திருக்கும். அதே வைரஸ் மறுபடி வந்தால் உடனே முளைத்துப் பெருகும். காய்ச்சல் போன பிறகும் சில மாதங்களுக்கு உடம்பு இவற்றைச் சலித்துச் சலித்து, வைரஸை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கக் கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறது.

இதற்கு மேல் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களில் கொஞ்சம் எலும்பு மஜ்ஜைக்குள் போய்க் குடியேறி, அங்கிருந்து சிறிதளவு எதிர்ப்பொருளை ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். லேசான கொரோனா வந்துபோனவர்களின் மஜ்ஜையை ஏழெட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்த அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள், பெரும்பாலோரிடம் இந்தச் செல்கள் இருப்பதை 2021-ல் காட்டினார்கள். மற்றொன்று டி செல்கள். வைரஸ் புகுந்துவிட்ட செல்லைத் தேடிப் பிடித்து அழிப்பது இவற்றின் வேலை. 2003-ல் சார்ஸ் நோயில் பிழைத்தவர்களிடம் 17 வருடம் கழித்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்ததைச் சிங்கப்பூரில் கண்டறிந்தார்கள். நம் மாநிலத்தில் 2021 ஏப்ரலில் எண் இறங்கியபோது, இந்த இரண்டையும் நினைவு செல்களையும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணுவதற்கு எளிய சோதனையும் கிடையாது.

உடம்பின் நினைவு எத்தனை வருடம் தாங்கும் என்பதை எப்படி அறிவது? ஒருவரை நோயில் விழவைத்து, அறுபது வருடம் காத்திருந்து, மறுபடி அதே நோயின் முன் நிறுத்திப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் அது தானாகவே நடந்தது. 1781-ல் அங்கே தட்டம்மை பரவி ஓய்ந்தது. அதற்குப் பிறகு 65 வருடம் அந்த நோய் தீவுகளை எட்டிப் பார்க்கவில்லை. 1846-ல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சரோடு அது மறுபடி வந்து இறங்கியது. சுமார் 7,800 பேர் கொண்ட தீவுகளில் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். நிலைமையைப் பார்த்துவர டென்மார்க் அரசு அனுப்பிய மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் பானும். அப்போது அவருக்கு வயது 25. படகில் தீவு தீவாகப் போய், யாருக்கு எந்த நாள் காய்ச்சல், எந்த நாள் தடிப்பு என்று குறித்துக்கொண்டு வந்தவர், முதியவர்களிடம் 1781-ஐப் பற்றியும் கேட்டார். அந்த வருடம் குழந்தைகளாக இருந்து தட்டம்மை கண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்த முறை நோய் வரவில்லை. அப்போது தப்பியிருந்த முதியவர்களோ இப்போது மாட்டிக்கொண்டார்கள். இடையில் 65 வருடம் ஊரில் வைரஸே இல்லாததால், அவ்வப்போது தொட்டுத் தொட்டுப் புதுப்பித்ததால்தான் காப்பு நிலைத்தது என்றும் சொல்ல வழியில்லை. வைரஸ் என்றொரு பொருள் இருப்பதே தெரியாத காலத்தில், ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதைக் கண்டறிந்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆய்வுக்கூடச் சான்றுகள் பின்னால் வந்தன. 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 1918 ஃப்ளூ பெருங்காய்ச்சலின்போது குழந்தைகளாக இருந்த 32 முதியவர்களைத் தேடிப் பிடித்தார்கள். எல்லோருக்கும் வயது 91 அல்லது அதற்கு மேல். ஏறத்தாழ 90 வருடத்துக்குப் பிறகும் அவர்கள் அனைவரின் ரத்தமும் அந்த வைரஸை அடையாளம் கண்டது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 45 பேரின் ரத்தத்தை 26 வருடம் வரை திரும்பத் திரும்ப அளந்து, எதிர்ப்பொருள் பாதியாகக் குறைய எத்தனை காலம் ஆகும் என்று கணக்கிட்டு 2007-ல் வெளியிட்டார்கள். சின்னம்மைக்கு 50 வருடம் வந்தது. தட்டம்மைக்கு 3,000 வருடத்துக்கு மேல் வந்தது. யாரும் அத்தனை காலம் வாழப்போவதில்லை. குறைவதே தெரியவில்லை என்று அந்த எண்ணைப் படித்துக்கொள்ள வேண்டும்.

நமக்குச் சிக்குன்குனியாவே போதிய சான்று. 1963-ல் கல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் பரவிய அந்த வைரஸ், 1973-ல் மகாராஷ்டிரத்துப் பார்சியில் தலைகாட்டிய பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் இந்தியாவில் பெரிதாக வெளிப்படவில்லை. 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006-ல் நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம் பேருக்கு இந்த நோய் என்று சந்தேகிக்கப்பட்டது. மதுரையில் அந்த வருடத்தை மறக்கக் கூடியவர்கள் குறைவு. காலையில் எழுந்தவர் செம்பைத் தூக்க முடியாமல், செருப்புக்குள் காலை நுழைக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பெயரில் 'சிக்கன்' இருப்பதாக நினைத்துக் கோழிக்கறியை ஒதுக்கியவர்களும் உண்டு. கோழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுதான் அதைக் கொண்டு வருகிறது. இடைவெளி அவ்வளவு நீண்டிருந்ததால் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் உடம்பில் அந்த வைரஸின் நினைவே இல்லை. அது காட்டுத்தனமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வைரஸில் எதிர்ப்பொருளின் கண்ணுக்கு ஒரே வகைதான். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் ஆயிரம் பேரை ஒரு வருடம் கண்காணித்தபோது, ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்தவர்களில் ஒருவர்கூடச் சிக்குன்குனியாக் காய்ச்சலில் படுக்கவில்லை. ஆகவே 2006-ல் வந்தவருக்கு மழைக்காலம்தோறும் முட்டி வலித்தால் அது புதிய தொற்று என்று எண்ண வேண்டியதில்லை. பழைய நோய் மூட்டில் விட்டுப்போன வீக்கம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். கவனிக்க வேண்டியது, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை. நாடு தழுவிய ரத்தச் சோதனை ஒன்றில் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளில் 10 பேரில் ஒருவருக்குக்கூடச் சிக்குன்குனியா எதிர்ப்பொருள் இல்லை. ஊரின் காப்பு மறதியால் குறைவதில்லை, புதிதாகப் பிறப்பவர்களால் குறைகிறது.

இப்படி நெடுநாள் நினைவு வைத்திருக்கும் உடம்பு சளிக்கு மட்டும் ஏன் தோற்கிறது? விடையின் ஒரு பகுதி பானும் குறித்த நாட்களிலேயே இருக்கிறது. தட்டம்மை தொற்றியதிலிருந்து தடிப்பு எழ 13, 14 நாள் ஆவதை அவர் கண்டார். சின்னம்மைக்கும் இரண்டு வாரம் ஆகும். இதை நோயரும்பும் காலம் என்பார்கள். வைரஸ் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவி, அதன்பிறகே நோயாக வெளிப்படுகிறது. விதைநெல் முளைத்துப் பயிராக நாலைந்து நாள் போதும் என்றால், வைரஸ் பரவி முடிப்பதற்குள் அது தயாராகிவிடும். சளி வைரஸ் மூக்கில் இறங்கி, அங்கேயே பெருகி, இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடுகிறது. அந்த அவகாசத்தில் நினைவு செல்லால் எழ முடிவதில்லை. அந்த நேரத்தில் மூக்கின் ஈரப்படலத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் இருக்கிறதோ அதுதான் காப்பு. அங்கே அது சில மாதங்களுக்கு மேல் உயர்ந்த அளவில் நிற்பதில்லை.

இதையும் சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் சளியை ஆராயவே ஒரு நிலையம் இருந்தது. அங்கே தன்னார்வலர்களுக்குச் சாதாரணச் சளி தரும் ஒரு கொரோனா வைரஸை மூக்கில் விட்டார்கள். ஒரு வருடம் கழித்து அதே வைரஸை மறுபடி விட்டபோது, முன்பு தொற்றியிருந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கு மீண்டும் தொற்றியது. ஆனால் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. 1990-ல் வெளியான இந்தச் சிறிய ஆய்வை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தொற்றைத் தடுப்பது, நோயைத் தடுப்பது, சாவைத் தடுப்பது ஆகிய மூன்றும் மூன்று வேறு காப்புகள். அவை தீரும் காலமும் வேறு வேறு. 'எத்தனை நாள் காப்பு?' என்று பொதுவாகக் கேட்டால் ஒரே விடை கிடைக்காததற்கு இதுவே காரணம்.

கொரோனாவிலும் இதே கதைதான், கூடவே வைரஸும் உருமாறிக்கொண்டே போனது. 19 நாடுகளின் 65 ஆய்வுகளைத் திரட்டி 2023-ல் 'லான்செட்' இதழில் ஒரு கணக்கு வந்தது. ஒமிக்ரானுக்கு முன் தொற்று வந்தவருக்குப் பத்து மாதம் கழித்து ஒமிக்ரான் தொற்றாமல் இருக்கக் கிடைத்த காப்பு 36 சதவீதம். ஒமிக்ரானால் கடும் நோய் வராமல் இருக்கக் கிடைத்த காப்பு 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது. உருமாறிய வைரஸை வாசலில் தடுக்க எதிர்ப்பொருளால் முடியவில்லை. உள்ளே வந்ததை நுரையீரல்வரை போகவிடாமல் நினைவு செல்களும் டி செல்களும் பார்த்துக்கொண்டன. இந்தக் காப்பைப் பெறுவதற்காக நோயை வரவழைத்துக்கொள்ள யாரும் நினைக்கக் கூடாது. 2021 மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதைப் பார்த்த எந்த ஊருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. தடுப்பூசி அதே விதைநெல்லை அந்த ஆபத்து இல்லாமல் தருகிறது.

சின்னம்மைக் கதைக்கும் ஒரு பின்பகுதி உண்டு. அம்மை இறங்கினாலும் வைரஸ் வெளியேறுவதில்லை, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. ஐம்பது, அறுபது வயதில் இடுப்பையோ விலாவையோ ஒரு பக்கமாகச் சுற்றிக் கொப்புளமும் எரிச்சலுமாக எழுகிறது. நம் ஊரில் அதற்கு அக்கி என்று பெயர். வேளார் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்துக் கொப்புளத்தின் மேல் அக்கி எழுதிக்கொள்வது மதுரைச் சுற்றுவட்டக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அக்கி சின்னம்மையின் மறுவருகைதான் என்ற கருத்தை இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூர் மருத்துவர் ஹோப்-சிம்சன் தன் 16 வருடக் குறிப்புகளை வைத்து 1965-ல் நிலைநாட்டினார். அக்கி வரும் முதியவரின் ரத்தத்தில் சின்னம்மைக்கான எதிர்ப்பொருள் பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. தளர்ந்துபோனது டி செல்கள். எதிர்ப்பொருள் குறைந்தும் காப்பு இருக்கலாம் என்பதைப் போலவே, எதிர்ப்பொருள் இருந்தும் காப்பு இல்லாமல் போகலாம். அக்கி கண்டவுடன், முடிந்தால் மூன்று நாளுக்குள், மருத்துவரைப் பார்த்து வைரஸ் மருந்து தொடங்கினால் கொப்புளம் சீக்கிரம் ஆறும்.

டெங்குவில்தான் இந்த நினைவு ஆபத்தாகவும் மாறுகிறது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள். ஒன்று வந்தால் அந்த வகைக்கு நெடுங்காலக் காப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் கிடைப்பது தற்காலிகக் காப்புதான். 1940-களில் தன்னார்வலர்களிடம் சோதித்த ஆல்பர்ட் சாபின் அதை இரண்டு மாதம்போல மதிப்பிட்டார், பிற்கால ஆய்வுகள் ஏறத்தாழ இரண்டு வருடம்வரை நீட்டுகின்றன. அது தீர்ந்தபிறகு, பழைய எதிர்ப்பொருள் புதிய வகையை அரைகுறையாகப் பற்றிக்கொள்கிறது, ஆனால் செயலிழக்கச் செய்வதில்லை. அப்படிப் பற்றிய நிலையிலேயே வைரஸ் வெள்ளையணுக்களுக்குள் சுலபமாக நுழைந்துவிடுகிறது. இரண்டாம் டெங்கு சிலருக்கு உயிரோடு விளையாடுவதற்குக் காரணம் இதுதான்.

இதை உறுதியாகக் காட்டியது கியூபா. அங்கே 1977-ல் முதல் வகை பரவியது. 1981-ல் இரண்டாம் வகை பரவி 158 பேரைக் கொன்றது. அரசு கொசுவை ஏறக்குறைய ஒழித்தே விட்டதால் அதன்பின் 16 வருடம் டெங்கு இல்லை. 1997-ல் சாந்தியாகோ நகரத்துக்கு மட்டும் இரண்டாம் வகை திரும்பியது. கடும் டெங்குவில் விழுந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் 1977-ல் முதல் வகை வந்துபோன பெரியவர்கள். இடையில் பிறந்த பிள்ளைகளுக்கு நோய் கடுமையாகவில்லை. நாலு வருட இடைவெளியைவிட இருபது வருட இடைவெளியில் ஆபத்து இன்னும் கூடியிருந்ததையும் ஆய்வாளர் மரியா குவாதலூப்பே குஸ்மான் குழுவினர் காட்டினார்கள்.

இது நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் உள்ள சென்னைத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2017-18-ல் நடத்திய ரத்தச் சோதனையில் தென்னிந்தியாவில் 100 பேரில் 77 பேருக்கு ஏற்கெனவே ஏதோ ஒரு டெங்கு வந்துபோயிருந்தது. பலருக்கும் அது தெரியக்கூடத் தெரியாது. எனவே அடுத்த டெங்கு பெரும்பாலோருக்கு இரண்டாவதாகத்தான் இருக்கும். காய்ச்சல் விட்ட பிறகும் ஓரிரு நாள் கவனம் வேண்டும். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சோர்ந்து துவளுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

டெங்குத் தடுப்பூசி இத்தனை காலம் தாமதமானதும் இதனால்தான். நான்கு வகைக்கும் ஒருசேரக் காப்புத் தராத ஊசி, முதல் டெங்குவின் வேலையைச் செய்துவிடக் கூடும். இந்தியாவில் பனேசியா பயோடெக் நிறுவனம் உருவாக்கிய 'டெங்கிஆல்' ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனையை 2024 ஆகஸ்டில் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் தொடங்கியது. 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதனையில் சேர்த்து, அவர்களை இரண்டு வருடம் கண்காணிப்பது அப்போதைய திட்டம். ஊசி போட்ட சில மாதத்தில் நான்கு வகைக்கும் எதிர்ப்பொருள் தெரிவதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அந்தத் தற்காலிகக் காப்பு வடிந்த பிறகு நான்குக்கும் தனித்தனியாகக் காப்பு நிற்கிறதா என்பதைப் பார்க்க அவ்வளவு காலம் தேவைப்படுகிறது.